பனியில் பாத்தி மிதித்தோம்

"குதிக்கிறதுக்கும் குனியிறதுக்கும் ஒரு படிப்பா? காலேஜுக்குப் போற நேரத்துல இங்க வந்து பாத்தி மிதிக்கச் சொல்லு. ஒடம்பு தானா வளையும்."

நான் புதுச்சேரியில் உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்த அன்று, மரக்காணம் உப்பளத்தில் எங்கள் செட்டுக்கு மேஸ்திரியாக இருக்கும் ஏழுமலை என் அம்மாவிடம் சொன்னது இது. அம்மா தலையிலிருந்த உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவ மிதிச்ச வரைக்கும் போதும் மேஸ்திரி. இனிமே நீங்க மிதிங்க, அவ பாக்கட்டும்" என்றாள். செட்டே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு புதுச்சேரி பஸ் ஏறி, பிறகு விமானமும் ஏறியது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் முதுகு தானாக நிமிர்கிறது, மறைக்க விரும்பவில்லை. கனடாவில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே ஒரு நகரத்தின் பூங்காத் துறையில் ப்ரோக்ராம் கோஆர்டினேட்டர் ஆனேன். பொதுப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி வசதிகளை ஏற்பாடு செய்வதும் பராமரிப்பதும் என் வேலை. இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக என் முதல் குளிர்காலத்தை எழுதுகிறேன்.

மூடிவிடும் மூலை

எனக்குக் கொடுத்த பூங்காவின் ஒரு மூலையில் அவுட்டோர் ஜிம் இருந்தது. கால் வீசும் மெஷின், ரோயிங் மெஷின், தொங்கும் கம்பிகள், சைக்கிள் மாதிரி ஒன்று. கோடையில் அங்கே இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பயிற்சி பாதி, பேச்சு பாதி.

நவம்பர் முடியும்போது என் சூப்பர்வைசர் ஹெலன் ஒரு சங்கிலியையும் பூட்டையும் என் மேஜையில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஜிம் மூலையைப் பூட்டிடு. ஏப்ரல்ல தொறக்கலாம்."

"அதுவரைக்கும் அவங்க எங்க போவாங்க?"

"வீட்டுல இருப்பாங்க. குளிர்காலம்னா அப்படித்தான்."

எனக்கு அது புரியவில்லை. மரக்காணத்தில் சித்திரை வெயிலுக்குப் பயந்து உப்பளத்தை யாரும் பூட்டுவதில்லை. நேரத்தை மாற்றிக்கொள்வோம். விடிவதற்கு முன்பே இறங்கி, வெயில் ஏறும்போது கரையேறிவிடுவோம். வெயிலுக்கு ஒரு வழி இருந்தால் பனிக்கும் ஒன்று இருக்கும்தானே? ஹெலனிடம் அப்படியே கேட்டேன்.

அவர் சங்கிலியை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "ஜனவரி முடியுற வரைக்கும் தர்றேன். பாதுகாப்பா நடத்திக் காட்டு. ஒருத்தர் விழுந்தாலும் பூட்டிடுவேன். அப்புறம் இந்த மூலைக்குக் குளிர்காலமே கிடையாது. இந்த வருஷம் மட்டும் இல்ல, எப்பவும்."

சங்கிலியை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

முதலில் செய்தவை

முதலில் நேரத்தை மாற்றினேன். காலை வகுப்பை நண்பகலுக்குத் தள்ளினேன். நம் ஊரில் சூரியனிடமிருந்து ஓடுவோம். அங்கே சூரியனைத் துரத்த வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. குளிரில் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். கையுறை போட்டிருந்தாலும் எலும்புவரை குத்தும். அம்மா வெயில் காலத்தில் மண்வெட்டிப் பிடியில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொள்வாள். அந்த ஊரில் பழைய புடவைக்கு எங்கே போவது? ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். மட்டையில் சுற்றத் துணி டேப் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வாங்கி வந்து ஒவ்வொரு கைப்பிடியிலும் நெருக்கமாகச் சுற்றினேன்.

அதைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் இராசையா அங்கிள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஊருக்கு வந்து தலைமுறை தாண்டிவிட்டது, பேச்சு மட்டும் தாண்டவில்லை.

"என்ன பிள்ளை, இரும்புக்குக் காயமோ, கட்டுப் போடுறீர்?"

தமிழ் காதில் விழுந்ததும் எனக்குக் கையிலிருந்த டேப் நழுவியது. "குளிருது அங்கிள், அதான் போத்தி விடுறேன்" என்றேன்.

"நீர் இந்தியாவே? எந்த ஊர்?"

"மரக்காணம். உப்பளம்."

"அப்ப சரி. உப்பும் பனியும் ஒரே வெள்ளைதானே. சமாளிப்பீர்."

காற்றுக்கும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. வடக்கிலிருந்து வரும் காற்று அந்த மூலையைக் கிழித்துக்கொண்டு போகும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டு வாசல்களில் தூக்கிப் போட்டிருந்த மரங்களை நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். டிரைவரிடம் கேட்டு ஒரு லோடு இறக்கினேன். வடக்குப் பக்கம் பனியில் நெருக்கமாக நட்டோம். நம் பக்கத்துக் கீற்று வேலி மாதிரியே வந்தது. வாசனை மட்டும் வேறு.

வரிசை

எல்லாம் தயார். ஆனால் ஆள் வந்து நின்றதும் பெரிய சிக்கல் தெரிந்தது. மெஷின் கொஞ்சம், ஆள் அதிகம். ஒருவர் இழுத்துக்கொண்டிருக்க மற்றவர்கள் நின்று காத்திருக்க வேண்டும். கோடையில் அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு நடக்கும். குளிரில் காத்திருந்தால் உறைந்துவிடுவார்கள். முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் வரவில்லை.

அதோடு, முழங்கால் அளவு புதுப்பனி. பனி தள்ளும் ஸ்னோ ப்ளௌ வண்டி பெரிய பாதையோடு நின்றுவிடும். ஜிம் மூலைக்கு அது வராது என்று ஹெலன் முன்பே சொல்லிவிட்டார்.

நான் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சதுரமாக, கால் படாமல், வெள்ளையாக. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்த பாத்தி மாதிரியே இருந்தது. அதைப் பார்த்தால் எங்கள் வீட்டு ஆள் யாருக்கும் கால் சும்மா இருக்காது.

உப்பளம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் தரை இறுக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், உப்பில் சேறு கலக்கும். அதற்கு நாங்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, குதிகாலை முதலில் ஊன்றி, பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து மிதிப்போம். ஒரு பாதத்தின் தடத்தில் பாதிமேல் அடுத்த பாதம் விழ வேண்டும். இடைவெளி விட்டால் மேஸ்திரி கத்துவார். பாத்தியின் கடைசிக்குப் போய்ச் சேரும்போது தொடை எரியும், மூச்சு வாங்கும், மார்கழி விடியலிலும் முதுகு வேர்த்திருக்கும்.

"எல்லாரும் என் பக்கத்துல வாங்க" என்றேன். "மெஷினை அப்புறம் பாத்துக்கலாம்."

வந்தவர்களில் மார்கரெட் என்று ஒருவர் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோரையும்விட உயரம். "என்ன பண்ணப் போறோம்?" என்றார்.

"நடக்கப் போறோம். குறுக்கால."

இராசையா அங்கிள் வரிசையின் நடுவில் நின்று தாளம் சொன்னார். "ஒண்டு, ரெண்டு. ஒண்டு, ரெண்டு." தமிழே தெரியாதவர்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து, "ஒண்டு, ரெண்டு" என்று மிதித்தார்கள். யாரும் காத்திருக்கவில்லை. யாரும் தனியாக இல்லை. இரண்டு பக்கமும் தோள் இருந்ததால் முழங்கால் பலவீனமானவர்களும் தைரியமாகக் காலைத் தூக்கினார்கள். மூலையின் கடைசியை எட்டியபோது மார்கரெட் கோட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டார். அந்தக் குளிரில் ஒருவர் கோட்டைக் கழற்றியதைப் பார்த்தபோது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடித்தேன்.

வீட்டுக்குப் போனதும், மிதிப்பதைப் போனில் எடுத்திருந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. அவளும் பாத்தியில்தான் நின்றாள். மழை முடிந்து நம் ஊரில் பாத்தி மிதிக்கிற மாதமும் அந்த ஊரில் பனி குவிகிற மாதமும் ஒன்றுதான்.

"ஏண்டி, இவங்களுக்கெல்லாம் கூலி யார் குடுக்குறது?" என்றாள்.

"கூலி எல்லாம் இல்லம்மா. சும்மாதான் வந்து மிதிக்கிறாங்க."

அம்மா குரலைத் தணித்தாள். "கூலி இல்லாமயா? மேஸ்திரி காதுல போட்டுடாத. நம்மளையும் அப்படியே மிதிங்கன்னுடுவாரு."

அதற்குள் ஏழுமலை அம்மாவின் போனை எட்டிப் பார்த்துவிட்டார். "ஒண்டாமே. ஒண்ணுன்னு சொல்லிக் குடுக்க ஆள் இல்லியா அங்க?" என்றவர், கொஞ்சம் உற்றுப் பார்த்து, "இடது கோடியில அந்த ஆளு எடம் விட்டு மிதிக்கிறான் பாரு" என்றார்.

கண்ணாடி

ஒரு வாரத்தில் வரிசை இரண்டாக வளர்ந்தது. வார்ம்-அப்புக்கு மிதி, பிறகு மெஷின், மறுபடி மிதி. மெஷினுக்காகக் காத்திருந்தவர்கள் மிதித்துக்கொண்டே காத்திருந்தார்கள். பேச்சும் திரும்ப வந்துவிட்டது. இனிமேல் சங்கிலியை ஹெலனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் மதியம் வெயில் நன்றாக அடித்தது. பனியின் மேல்பகுதி லேசாக இளகி ஈரமானது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாத்தி மிதிக்கச் சரியான பதம் அதுதான். காய்ந்தும் போகாமல், சேறாகவும் இல்லாமல், தொட்டால் ஈரம் தெரிகிற பதம். அந்தப் பதத்தை விட்டுவிட்டால் பாத்தி இறுகாது. வகுப்பு முடிந்து கிளம்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டேன். "இன்னும் ஒரு சுத்து மிதிச்சிடலாம்."

மிதித்தோம். தரை சமமாக, மேடுபள்ளமே இல்லாமல், மின்னியது. ஏழுமலைகூட அதில் ஒரு குறை கண்டுபிடித்திருக்க மாட்டார்.

மறுநாள் அதன்மேல் மெல்லிய பொடிப்பனி படர்ந்திருந்தது. பார்க்க வழக்கம்போலத்தான் இருந்தது. மார்கரெட் எல்லோருக்கும் முன்னால், கம்பியில் கோட்டை மாட்டப் போனார். இரண்டு கால்களும் ஒன்றாக முன்னால் போயின. அவர் விழுந்த சத்தம் எனக்குப் பூங்கா வாசலிலேயே கேட்டது.

ஓடிப் போய்ப் பொடியைக் கையால் விலக்கினேன். கீழே பனி இல்லை. கண்ணாடி. ஈரத்தோடு நாங்கள் இறுக்கிய தரை ராத்திரிக் குளிரில் ஒரே பாளமாக உறைந்திருந்தது.

மார்கரெட்டுக்கு எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியது, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஹெலன் வந்து மூலையைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தேன்" என்றார். "நாளைக்குச் சங்கிலியைப் போட்டுடு."

"உப்பு போட்டா உருகிடாதா?"

"அந்த மூலையில உப்பு கூடாது. சுத்தி இருக்கிற மரத்துக்கு ஆகாது, மெஷினும் துருப்பிடிக்கும். அது இல்லாம, இந்தக் குளிருக்கு உப்பு வேலையும் செய்யாது."

உப்புக் காற்றில் சைக்கிள் சங்கிலி என்ன கதி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.  டேப்புக்கு வெளியே நின்றிருந்த இராசையா அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "உப்புக்காரிக்கு உப்புப் போட விடமாட்டினமாம்."

அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதி வேலை

அந்தச் சிரிப்போடுதான் யோசனையும் வந்தது. பாத்தி மிதிப்பது உப்பளத்து வேலையில் முதல் பாதி மட்டும். பிறகு தண்ணீர் விட்டு, அது வெயிலில் திரண்டு, மேலே ஏடு கட்டத் தொடங்கும்போது நாங்கள் அதை அப்படியே விடுவதில்லை. தினமும் நீளப் பிடி போட்ட பலகையால் இழுத்துக் கலைத்து விடுவோம். கலைக்காமல் விட்டால் உப்பு ஒரே பாளமாக ஒட்டிக்கொள்ளும். கலைத்தால்தான் மணி மணியாக விளையும்.

நான் மிதிக்க மட்டும் சொல்லித் தந்திருந்தேன். கலைக்கச் சொல்லித் தரவில்லை.

பூங்காவின் கருவி அறையில் இலை வாருகிற இரும்புப் பல் வாரி இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, டேப்புக்குள் நுழைந்து, உறைந்த தரையில் குறுக்காகக் கீறினேன். நடக்கிற திசைக்குக் குறுக்கே, நெருக்கமாக, வரி வரியாக. முதலில் பல் வழுக்கியது. உடம்பைப் பின்னால் சாய்த்து, அம்மா பலகை இழுக்கிற மாதிரி இடுப்பிலிருந்து இழுத்தபோது பிடித்துக்கொண்டது. மேல் பாளம் மணி மணியாக உதிர்ந்தது. அதன்மேல் நின்று பார்த்தேன். பூட்ஸ் கவ்வியது. துள்ளிப் பார்த்தேன். கவ்வியது.

மறுநாள் காலை ஹெலனை வரச் சொன்னேன். அவர் அலுவலகத்திலிருந்து நேராக, கையில் கோப்பை நிறைய காபியோடு வந்தார். அவருக்கு முன்னால் மார்கரெட் வந்து நின்றுகொண்டிருந்தார், மணிக்கட்டில் கட்டோடு. நான் கூப்பிடவில்லை. இராசையா அங்கிள் வேலை.

"விழுந்தது நான்" என்றார் மார்கரெட். "மூடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான்" என்றார் ஹெலன்.

"போன குளிர்காலம் முழுக்க நான் வீட்டுல டிவி பாத்தேன். அதுவும் என் நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. இந்த மணிக்கட்டு ஒரு வாரத்துல சரியாயிடும். அந்தக் குளிர்காலத்துலேர்ந்து தேறி வர எனக்குக் கோடை பூரா ஆச்சு."

ஹெலன் மஞ்சள் டேப்பைத் தூக்கி, குனிந்து உள்ளே போனார். அலுவலகத்தில் போடும் வழுக்கும் ஷூ, கையில் மூடியில்லாத காபி. கீறிய தரையில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வேகமாக நடந்தார். நான் அவர் காலைப் பார்க்கவில்லை, காபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தவில்லை.

"தினமும் கீறுவியா?"

"தினமும். இளகின நாள்ல மிதிக்க மாட்டோம். வகுப்பு முடிஞ்சதும் கீறாம யாரும் வெளிய போக மாட்டாங்க."

"யார் கீறுறது? உன்கிட்ட ஆள் இல்லையே."

"அதுவும் வகுப்புதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ரோயிங் மெஷின் செய்கிற வேலை எல்லாம் அந்த இழுப்பில் இருந்தது. முதுகு, தோள், கை, பிடி. போகும்போது மிதி, திரும்பும்போது இழு. காலுக்குப் பாதி, முதுகுக்குப் பாதி.

ஹெலன் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்த டேப்பை அவிழ்த்துடு" என்றார்.

மார்கரெட் கட்டுப் போடாத கையால் அவிழ்த்தார்.

பல் வைத்த பலகை

ஹெலன் தந்த ஜனவரி கெடுவைத் தாண்டி, மார்ச் கடைசிவரை மூலை திறந்திருந்தது. வேறு யாரும் விழவில்லை. குளிர்காலத்தில் பூட்டி வைக்கும் இன்னும் இரண்டு பூங்காக்களை வரும் பனிக்கு என்னிடம் தந்திருக்கிறார்கள். சங்கிலி இப்போது என் மேஜைக் காலில் சுற்றியிருக்கிறது. சைக்கிள் பூட்ட உதவும்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: உங்கள் ஊர் வேலையைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும்போது பாதியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முழு வேலையையும் கொண்டுபோங்கள். எந்தப் பாதி எப்போது தேவைப்படும் என்று அந்த இடத்துக் குளிர்தான் சொல்லும்.

ஒரு குறை பாக்கி இருந்தது. இரும்பு வாரி கனம். பல் ஆழமாக இறங்கித் தரையைப் பெயர்த்துவிடுகிறது. எங்கள் பலகை மாதிரி லேசாக இருக்க வேண்டும், ஆனால் பல் வேண்டும். லீவில் மரக்காணம் வந்ததும் முதல் வேலையாகக் கடைத்தெருவில் தச்சு வேலை செய்யும் சலீம் பாயிடம் போனேன்.

"பலகைக்குப் பல்லா? என்னம்மா சொல்ற, உப்பெல்லாம் சந்துல வழிஞ்சிடும்."

"உப்புக்கு இல்ல பாய், பனிக்கு."

"பனியை எதுக்கு வாருற? வெயில் வந்தா தானா போயிடுமே."

போனில் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார்.

முதல் பலகையை உப்பளத்துக்கே எடுத்துப் போனேன். ஏழுமலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்த வரப்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வரி விழுந்தது. இன்னொரு இழுப்பு.

"பல்லு சரியா இருக்குது" என்றார். "புடி பத்தாது. இது நம்ம பொம்பளைங்க ஒயரத்துக்குப் போட்டது. அங்க இருக்கிறவங்க நெட்டையா இருக்காங்க, குனிஞ்சு இழுத்தா இடுப்பு போயிடும்."

அம்மா உப்பை வாரிக்கொண்டே சொன்னாள்: "பாத்தியா, மேஸ்திரிக்கும் குனியிறதப் பத்திப் படிப்பு இருக்குது."

அவர் சொன்னது சரிதான். பலகைகளை மட்டும் சலீம் பாய் செய்து முடித்தார், நேற்று பார்சல் போட்டுவிட்டேன். பிடிகளை அங்கேயே அவரவர் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று, எல்லோரையும் தோள் உயரத்துக்கு அளந்து வைக்கச் சொல்லி இராசையா அங்கிளுக்குச் செய்தி அனுப்பினேன். இன்று காலை பதில் வந்திருந்தது.

"எல்லாரையும் அளந்தாச்சு பிள்ளை. மார்கரெட்டுக்குத்தான் எல்லாரையும் விட நீளமான பிடி. கடைசி ஆளா நிண்டு இழுத்துக்கொண்டு வரப் போறாவாம், தனக்குப் பின்னால ஒருத்தரும் வழுக்கக் கூடாதாம்."